எம்1911 கைத்துப்பாக்கியில் உறுப்புத் தளர்வு

எம்1911 கைத்துப்பாக்கியில் உறுப்புத் தளர்வு என்பது, அத்துப்பாக்கியின் உறுப்புகள் தமக்குரிய இடத்தில் இறுக்கமாக அமராமல் அசைவதைக் குறிக்கும். இவற்றுள் சில அசைவுகள் வடிவமைப்பிலேயே உள்ளவை; பிற தேய்மானத்தால் ஏற்படுபவை. எவ்வளவு அசைகிறது என்பதைக் காட்டிலும் எந்த உறுப்பு அசைகிறது என்பதைக் கொண்டே பழுதுபார்ப்புத் தேவையா என்பது முடிவு செய்யப்படுகிறது.

பின்னணி

ஜான் பிரவுனிங் வடிவமைத்த இத்துப்பாக்கியை ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை 1911ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. 1985இல் பெரெட்டா எம்9 இதற்கு மாற்றாகத் தேர்வு செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது கோல்ட், ரெமிங்டன் ராண்ட், இத்தாக்கா, யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல், சிங்கர் ஆகிய நிறுவனங்கள் இதன் எம்1911ஏ1 வகையைத் தயாரித்தன. ஒரு நிறுவனத்தின் உறுப்பு மற்றொரு நிறுவனத்தின் துப்பாக்கியில் பொருந்த வேண்டும். அழுக்குப் புகுந்தாலும் துப்பாக்கி இயங்க வேண்டும். இதற்காக உறுப்புகளிடையே சற்று இடைவெளி விடப்பட்டது. எனவே, துப்பாக்கியைக் குலுக்கும்போது எழும் ஓசை மட்டுமே பழுதுக்குச் சான்றாகாது.

பொறுத்துக்கொள்ளத்தக்க தளர்வு

சிலைடு எனப்படும் நகரும் மேற்பகுதி, சட்டகத்தின் மீது பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. குறிபார்க்கும் முன், பின் காட்டிகள் இரண்டும் சிலைடின் மேல் அமைந்துள்ளன. ஆகவே குறியின் துல்லியம், சிலைடு சட்டகத்தோடு பொருந்துவதை விட, சுடுகுழல் சிலைடோடு பொருந்துவதையே பெரிதும் சார்ந்துள்ளது. கைப்பிடித் தகடு ஆடினால் அதன் திருகை இறுக்குவதே பெரும்பாலும் போதுமானது.

ஆய்வு

ஆய்வுக்கு முன் தோட்டாப் பெட்டியைக் கழற்றி, சிலைடைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறை காலியாக உள்ளதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தல் வேண்டும்.

பின்னர் சிலைடை மூடி, வெற்றுக்கூடு வெளியேறும் திறப்பின் வழியே சுடுகுழலின் பின்முனை கட்டைவிரலால் கீழ்நோக்கி அழுத்தப்படுகிறது. அது தெளிவாகக் கீழிறங்கினால் குழலின் பூட்டு தளர்ந்துள்ளது எனலாம். குழலின் முன்முனை புஷ்ஷினுள் ஆடினால் துல்லியம் குறையும். இதற்குப் பொருத்தமான புதிய புஷ் இடுவது தீர்வாகும்.

சுடும் வேளையில் குழலின் மேலுள்ள பூட்டு முகடுகள் சிலைடின் உட்பள்ளங்களில் பொருந்தி நின்று அழுத்தத்தைத் தாங்குகின்றன. துப்பாக்கியைப் பிரித்துப் பார்க்கும்போது இம்முகடுகளின் விளிம்புகள் மழுங்கியிருந்தால், அத்தளர்வைப் புறக்கணிக்கக் கூடாது.

பயன்பாட்டை நிறுத்த வேண்டிய நிலைகள்

* சட்டகத்தின் இடப்பக்கத்தில், பாதுகாப்பு நெம்புக்கு அழுத்தம் தரும் வில்சுருளைத் தாங்கும் சிறுகுழாய் ஆடுதல். அது சட்டகத்தை விட்டு விலகினால் நெம்பின் இயக்கத்தைத் தடுக்கக்கூடும்.
* கைப்பிடியின் பின்புறப் பாதுகாப்புப் பகுதி அழுத்தப்படாத நிலையிலும், விசையை இழுத்தால் சுத்தியல் விழுதல்.
* பாதுகாப்பு நெம்பு தானாகவே நழுவிக் கீழிறங்குதல்.
* பின்னிழுத்து நிறுத்திய சுத்தியல், விரலால் தள்ளியவுடன் விழுதல்.
* சிலைடிலோ பூட்டு முகடுகளின் அடியிலோ விரிசல் காணப்படுதல்.

இவற்றைத் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரே சரிசெய்ய வேண்டும். பாதுகாப்பு நெம்பு, விசை ஆகியவற்றோடு தொடர்புடைய உறுப்புகள் ஒன்றோடொன்று அளவு பார்த்துப் பொருத்தப்படுபவை. பயிற்சியற்றவர் அராவித் தேய்த்தால் எதிர்பாராமல் துப்பாக்கி வெடிக்கும் நிலை உருவாகலாம். மாறாக, ஓசையை நீக்குவதற்காகவே சிலைடைச் சட்டகத்தோடு அளவுக்கு மீறி இறுக்கினால், சிலைடு தங்குதடையின்றி நகர இயலாமல் துப்பாக்கி இடையில் நின்றுவிடக்கூடும்.