வளர்ச்சிக் குன்றல்: இந்தியக் குழந்தைகளில் இடர்க் காரணிகள்

வளர்ச்சிக் குன்றல் என்பது குழந்தையின் உயரம் வயதுக்கு உரிய அளவை எட்டாத நிலை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட தர அளவுகளின் இடைநிலை உயரத்தைவிட இரண்டு திட்டவிலக்கத்துக்கும் மேல் குறைந்தால் குன்றல் எனவும், மூன்றுக்கும் மேல் குறைந்தால் கடுங்குன்றல் எனவும் கொள்வர். உடல் மெலிவு சில வாரங்களில் வந்துவிடும். உயரக் குறைவு மாதக்கணக்கில் சேர்ந்த பற்றாக்குறையைக் காட்டும்.

அளவீடு: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை அளவுப்பலகையில் மல்லாத்திப் படுக்கவைப்பர். ஒருவர் தலையை மேற்பலகையோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்தி, நகரும் பலகையைப் பாதத்தோடு ஒட்டவைத்து நீளத்தைக் குறிப்பார். பிறந்த தேதி ஓரிரு மாதம் பிசகினாலும் முடிவு மாறிவிடும்.

பரவல்: தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் குன்றியோர் 2015-16-இல் 38.4 விழுக்காடு, 2019-21-இல் 35.5 விழுக்காடு. 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு 25, மேகாலயாவின் அளவு 46.5.

பிறப்புக்கு முந்திய காரணிகள்: தாயின் குட்டையான உடல்வாகு, ரத்தசோகை, பதின்வயதுக் கர்ப்பம், அடுத்தடுத்த பிரசவங்கள் ஆகியவை கருவின் வளர்ச்சியைப் பாதிக்கின்றன. குறைமாதத்தில் பிறந்த அல்லது 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தை தொடக்கத்திலேயே பின்தங்குகிறது.

உணவு: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் இணை உணவு தாமதித்தாலோ நீர்த்துப்போனாலோ குன்றல் தொடங்கும். பருப்புத் தண்ணீரும் நீர்த்த கஞ்சியும் சிறு வயிற்றை நிரப்பிவிடும். ஆற்றலும் புரதமும் துத்தநாகமும் போதிய அளவு சேராது. 2019-21 ஆய்வில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெற்றோர் 11.3 விழுக்காட்டினரே.

தொற்றும் சுகாதாரமும்: அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு பசியைக் குறைத்து, சத்து உறிஞ்சப்படுவதைக் கெடுக்கிறது. மலக்கிருமிகள் ஓயாமல் உட்செல்வதால் வயிற்றுப்போக்கு இல்லாதபோதும் குடற்சுவர் அழற்சியுற்றிருக்கலாம். எனினும் வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்த பெரிய சோதனைகளில், எளிய கழிப்பறை, கைகழுவும் வசதி முதலியவற்றை மட்டும் அளித்தபோது உயரம் கூடவில்லை.

குடும்பச் சூழல்: வறுமை, தாயின் கல்விக் குறைவு, குடும்பத்தில் பெண்ணுக்குச் சொல்லுரிமை இன்மை ஆகியவை மேற்கண்ட எல்லாக் காரணிகளையும் வலுப்படுத்துகின்றன. வசதியான வீடுகளிலும் குன்றல் காணப்படுவதால், வருமானம் மட்டுமே காரணம் எனக் கொள்வதற்கில்லை.

காலமும் தடுப்பும்: கருவுற்றது முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான சுமார் ஆயிரம் நாள்களே முக்கியமானவை. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நடந்த ஆய்வில், புரதம் செறிந்த கஞ்சி மூன்று வயதுக்குட்பட்டோரின் உயரத்தைக் கூட்டியது. அதற்கு மேற்பட்டோரிடம் அந்தப் பலன் தென்படவில்லை. தமிழ்நாட்டில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் மூன்று வயதுக்குட்பட்டோரையே குறிவைத்தது. மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு தந்து, தாய்க்கு ஊட்டும் முறையையும் கற்பித்தது. பள்ளி வயதில் தொடங்கும் உணவுத் திட்டங்கள் பசியைத் தீர்க்கும். இழந்த உயரத்தை மீட்பது அவற்றால் பெரும்பாலும் இயலாது.