பெரிய வினவல் முடிவுகளை இணையச் சேவை வழியே அனுப்புதல்

தரவுத்தளம் தரும் இலட்சக்கணக்கான பதிவுகளை, வழங்கியின் நினைவகம் நிரம்பாமலும் கேட்டவர் நெடுநேரம் காத்திராமலும் இணையச் சேவை வழியே கொண்டுசேர்க்கும் நுட்பங்களின் தொகுதி இது. பக்கமாக்கலும் ஓடைமுறையும் இவற்றில் முதன்மையானவை.

வேகம் குறைந்ததும் பலரும் முதலில் இணைய இணைப்பைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது: சேவை மொத்த முடிவையும் நினைவகத்தில் ஏற்றி, ஜேசனாக மாற்றி, அதன் பிறகே அனுப்பத் தொடங்குகிறது. நிரலர் அப்படி எழுதாவிட்டாலும் இடையிலுள்ள டிரைவர் அதைச் செய்துவிடக்கூடும். போஸ்ட்கிரெஸ்குவல் தரவுத்தளத்துக்கான ஜாவா டிரைவர் இயல்பாக எல்லாப் பதிவுகளையும் ஒரேயடியாக வாங்கிக்கொள்ளும். ஆட்டோகமிட்டை நிறுத்தி, ஒரு தடவைக்கு எத்தனை பதிவு வேண்டும் என்று குறிப்பிட்டால்தான் கர்சர் வழியே தவணையாக எடுக்கும்.

பக்கமாக்கலில் பழக்கமானது ஆஃப்செட் முறை: முதல் இத்தனை பதிவுகளைத் தாண்டி அடுத்த நூறைக் கொடு என்று கேட்பது. எழுத எளிது. ஆனால் தாண்டப்படும் பதிவுகளையும் தரவுத்தளம் எடுத்துப் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். பக்கத்துக்கு 100 பதிவு என்றால், 5,000ஆவது பக்கத்துக்காக 4,99,900 பதிவுகள் வீணே எண்ணப்படுகின்றன. எலாஸ்டிக்சர்ச் இத்தகைய ஆழத்துக்கு 10,000 என்று இயல்பான வரம்பே வைத்திருக்கிறது. இதைவிட மோசமானது பிழையான விடை. பயனர் முதல் பக்கத்தைப் படிக்கும்போது அதிலுள்ள ஒரு பதிவு நீக்கப்பட்டால், அடுத்த பக்கத்தில் வரவேண்டிய ஒன்று முன்னே நகர்ந்து, யார் கண்ணிலும் படாமல் விடுபட்டுப்போகும்.

கீசெட் முறையில் இந்தத் தொல்லை இல்லை. தேதி வரிசையில் அடுக்கிய முடிவில், கடைசியாக அனுப்பிய பதிவின் தேதியையும் அடையாள எண்ணையும் நினைவில் வைத்து, அதற்கு அடுத்தவற்றை மட்டும் கேட்கிறது. பொருத்தமான இண்டெக்ஸ் இருந்தால் தரவுத்தளம் நேரே அந்த இடத்துக்குப் போய்விடும். ஒரே தேதியில் பல பதிவுகள் இருக்கலாம் என்பதால் அடையாள எண்ணையும் சேர்ப்பது கட்டாயம். ஐம்பதாம் பக்கத்துக்கு ஒரே தாவலில் போக முடியாது என்பது இதன் குறை. அப்படித் தாவ விரும்புவோர் மிகச் சிலரே. இதே பாணியில் அமேசானின் டைனமோடிபி தரவுத்தளம் ஒரு வினவலுக்கு 1 எம்பி வரை மட்டுமே படித்து, மீதமிருந்தால் அடுத்துத் தொடங்க வேண்டிய திறவுகோலையும் விடையோடு தருகிறது.

முழுத் தரவும் வேண்டுவோருக்கு ஓடைமுறை பொருந்தும். எச்டிடிபி 1.1, மொத்த நீளத்தை முன்கூட்டிச் சொல்லாமலே விடையைத் துண்டு துண்டாக அனுப்ப வழிசெய்தது. வரிக்கு ஒரு ஜேசன் பதிவு என்று அனுப்பினால், பெறுபவரும் அதுவரை வந்த பதிவுகளைக் கொண்டே வேலையைத் தொடங்கலாம். ஆனால் 200 என்ற வெற்றிக் குறியீடு தொடக்கத்திலேயே போய்விடுவதால், நடுவில் தரவுத்தள இணைப்பு அறுந்தால் அக்குறியீட்டைத் திருத்த வழியில்லை. எனவே இறுதியில் ஒரு முடிவுக்குறி வரியைச் சேர்ப்பது நல்லது. மெதுவாக வாசிக்கும் பயனரால் தரவுத்தளப் பரிவர்த்தனையும் நெடுநேரம் திறந்தே கிடக்கும்.

மிகப் பெரிய ஏற்றுமதிகளுக்கு 202 குறியீட்டுடன் கோரிக்கையை ஏற்று, பின்னணியில் கோப்பைத் தயாரித்து, பதிவிறக்க இணைப்பைத் தருவதே பாதுகாப்பானது.