குத்யா: நீப்பர் கரையிலிருந்து மீஞ்சூர் அடுப்பு வரை

உக்ரைனில் டிசம்பர் 24ஆம் தேதி மாலை, வானத்தில் முதல் நட்சத்திரம் தெரியும்வரை பெரியவர்கள் விரதம் இருப்பார்கள். நட்சத்திரம் தெரிந்ததும் குடும்பமே பந்தியில் உட்காரும். மேசையில் பன்னிரண்டு பதார்த்தங்கள். இறைச்சி கிடையாது, பாலும் முட்டையும்கூட முறைப்படி விலக்கு. வீட்டுக்கு மூத்தவர் ஜெபம் சொன்னபின் எல்லோரும் முதலில் வாயில் வைப்பது குத்யாதான். முழுக் கோதுமையை வேகவைத்து, தேனும் அரைத்த கசகசாவும் சேர்த்து, அக்ரூட்டும் உலர்திராட்சையும் கலந்த இனிப்பு அது.

இதன் வரலாறு கோதுமையில் தொடங்குகிறது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் மனிதர் கோதுமையைப் பயிராக்கினர். அங்கிருந்து அது பல திசைகளிலும் போனது. கிழக்கே பலுசிஸ்தானத்து மெஹர்கர் வரை வந்து, பிறகு சிந்துவெளியில் பரவியது. வடக்கே போன கோதுமை நீப்பர் ஆற்றுப் பக்கத்துக் கருமண்ணில் வேர்பிடித்தது. தொல்காலத் திரிபில்லியா பண்பாட்டு உழவர்கள் அதை அங்கே விளைவித்தார்கள்.

மண்ணுக்குள் மறைந்த விதை மறுபடி முளைத்து வருவதைக் கண்ட மக்கள், போய்ச் சேர்ந்தவர்கள் நினைவுக்கும் அதே தானியத்தைப் படைத்தார்கள். கிரேக்கத் திருச்சபையில் இறந்தோர் நினைவுப் பூசைக்கு வேகவைத்த கோதுமையைத்தான் இன்றும் கொண்டுபோகிறார்கள். அதற்கு கோலிவா என்று பெயர். துருக்கியில் முஹர்ரம் மாதத்து ஆஷுரே, ஆர்மீனியரின் அனுஷாபூர் எல்லாம் இதே குடும்பம். உக்ரைன் கிராமங்களில் குத்யா இருக்கும் கிண்ணத்தை அன்றிரவு கழுவாமல் மேசையிலேயே விட்டுவைப்பார்கள். முன்னோர் வந்து சாப்பிடுவார்கள் என்பது நம்பிக்கை. திவசத்துக்கு இலை போட்டுக் காத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கோதுமையின் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1842 வாக்கில் கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஃபைஃப் என்ற விவசாயிக்கு ஸ்காட்லாந்திலிருந்து கொஞ்சம் விதைக் கோதுமை வந்தது. அதன் பூர்வீகம் கலீசியா, அதாவது மேற்கு உக்ரைன் பக்கம் என்கிறார்கள். ‘ரெட் ஃபைஃப்’ என்று பெயர்பெற்ற அந்த ரகத்தில் மாவு அருமை. ஆனால் விளைய நாளாகும். பனி முந்திக்கொண்டால் பயிர் போச்சு. ஆகவே 1892இல், சீக்கிரம் முற்றும் ‘ஹார்டு ரெட் கல்கத்தா’ என்ற இந்தியக் கோதுமையோடு அதை ஒட்டுச் சேர்த்தார்கள். பின்னாளில் தானிய ஆய்வாளர் சார்லஸ் சாண்டர்ஸ் ஒவ்வொரு கதிரின் மணியையும் வாயில் போட்டு மென்று, பசைத்தன்மை பார்த்து நல்லதைப் பொறுக்கினார். அப்படி வந்ததுதான் மார்க்விஸ் ரகம். 1909 முதல் விவசாயிகள் கைக்குப் போய், சில ஆண்டுகளில் மேற்குக் கனடாவின் வயல்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.

1891 தொடங்கி அதே மேற்குக் கனடாப் புல்வெளிகளுக்குக் குடியேறியவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உக்ரைனியர். தாயகத்தில் செய்த குத்யாவை அங்கேயும் விடாமல் செய்தார்கள். கலீசியா விதையும் இந்திய விதையும் கலந்த பயிர்தான் அவர்கள் வயலைச் சுற்றி விளைந்தது.

தாயகத்திலோ குத்யாவுக்குக் கெட்ட காலம் வந்தது. சோவியத் அரசு கிறிஸ்துமஸை ஒடுக்கியது. 1932 ஆகஸ்ட் 7ஆம் தேதி வந்த சட்டப்படி கூட்டுப்பண்ணையின் தானியத்தை எடுத்தால் மரண தண்டனை அல்லது பத்து ஆண்டு சிறை. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்கள் மீதும் அது பாய்ந்தது. 1932–33 பஞ்சத்தில் உக்ரைனில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியால் செத்தார்கள். அரசு அப்போதும் தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. உலகத்துக்குக் கோதுமை கொடுத்த மண்ணில் ஒரு கிண்ணக் கோதுமைக்கு வழியில்லாமல் போனதை மறக்கவே கூடாது. அந்தக் கொடுமைக்குப் பிறகும் வீடுகளில் குத்யா தொடர்ந்தது. பெண்கள் சத்தமில்லாமல் சமைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்துப் போர் மூண்டதும் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. சென்னைக்கு வடக்கே நம் மீஞ்சூர் மளிகைக் கடை வரை அதன் பாதிப்பு எட்டியது. இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனுடையது என்பதால் விலை ஏறியது. அடுத்த ஆண்டு உக்ரைன் ஜனவரி 7 கிறிஸ்துமஸ் விடுமுறையைச் சட்டப்படி நீக்கி, டிசம்பர் 25ஐ மட்டும் வைத்துக்கொண்டது. பல வீடுகளில் குத்யாவின் நாளும் ஜனவரி 6இலிருந்து டிசம்பர் 24க்கு வந்தது.

குத்யாவை இங்கே செய்வதும் எளிது. நாட்டு மருந்துக் கடையில் சம்பா கோதுமை வாங்குங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் போட்டு மெதுவாகக் குத்தி, முறத்தில் புடைத்தால் மேல்தோல் போய்விடும். மணி உடையக் கூடாது. ராத்திரி ஊறவைத்து, காலையில் குக்கரில் மணி உடையாமல் மெத்தென வேகவிட்டு வடிகட்டுங்கள். கசகசாவை வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீர் இறுத்து, அம்மியில் பால் விடும்வரை அரைக்க வேண்டும். உக்ரைனில் இதற்கென்றே உட்புறம் வரிவரியாகக் கீறிய மண்சட்டியும் மரக்குழவியும் உண்டு. அவர்கள் கசகசா கருநீலம், நம்முடையது வெள்ளை. அதனால் நம் குத்யா பாயச நிறத்தில் இருக்கும். கோதுமை வெதுவெதுப்பாக ஆறியபின் தேன் விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் மணம் போய்விடும். அக்ரூட் விலை கட்டுப்படியாகாவிட்டால் வேர்க்கடலை போதும். ஆனால் கோதுமையை ரவையாக உடைக்காதீர்கள். மணி முழுசாக இருந்தால்தான் அது குத்யா.

பழவேற்காட்டில் 1515இல் தொடங்கிய மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. அங்கே கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்குப் போகும் மீனவக் குடும்பங்கள் அதிரசத்தோடு இதையும் ஒரு தரம் செய்து பார்க்கலாம். தையில் புத்தரிசிப் பொங்கல் வைப்பவர்களுக்கும் இது அந்நியமாகத் தெரியாது. உக்ரைன் பிள்ளைகள் குத்யாவைத் தாத்தா பாட்டி வீட்டுக்கும் ஞானப்பெற்றோர் வீட்டுக்கும் எடுத்துப்போய்க் கொடுப்பார்கள். நீங்களும் ஒரு ஆழாக்கு கோதுமை கூடுதலாகவே ஊறவையுங்கள். முதல் கிண்ணத்தை வீட்டுப் பெரியவருக்கும் அடுத்ததைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.