ஓட்டுச்சீட்டுக்கு முன்னால் ஒரு பரீட்சை

மீ மோவாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய துணிச்சலில் தொடங்குகிறார்கள். நான் வாக்காளர் பட்டியலில் தொடங்க நினைக்கிறேன்.

மோவா 1969இல் லாவோஸில் பிறந்த ஹ்மாங் பெண். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ.வுக்காக ஹ்மாங் ஆண்கள் லாவோஸ் மலைகளில் ரகசியமாகப் போரிட்டார்கள். 1975இல் கம்யூனிஸ்டுகள் வென்றதும் பல்லாயிரம் பேர் தாய்லாந்து முகாம்களுக்குத் தப்பி ஓடினார்கள். மோவா குடும்பம் தாய்லாந்து வழியாக 1978இல் அமெரிக்கா வந்து சேர்ந்தது. அவர் சட்டம் படித்து வழக்கறிஞரானார்.

ஆனால் போரிட்ட பெரியவர்களில் பலருக்குக் குடியுரிமையே எட்டவில்லை. ஆங்கிலப் பரீட்சை குறுக்கே நின்றது. துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது யாரும் இங்கிலீஷ் தெரியுமான்னு கேட்கலை! மினசோட்டாவின் செயின்ட் பால் நகர காங்கிரஸ் உறுப்பினர் புரூஸ் வென்டோ பல வருடம் போராடி, அவர்களுக்கும் துணைவியருக்கும் அந்த விலக்கை 2000இல் சட்டமாக்கினார். அதே ஆண்டு இறந்தும் போனார்.

அடிமட்டத்தில் கதவு முன்பே திறந்திருந்தது. 1991இல் சோவா லீ என்ற ஹ்மாங் பெண் அந்நகரின் பள்ளி வாரியத்துக்குத் தேர்வாகியிருந்தார். 2002 ஜனவரி இடைத்தேர்தலில் மோவா மினசோட்டா செனட்டுக்குப் போனார். அமெரிக்க மாநில சட்டமன்றம் ஒன்றில் நுழைந்த முதல் ஹ்மாங் அவர்தான். 2007 முதல் அங்கே நீதித்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். 2010இல் மீண்டும் போட்டியிடவில்லை.

துணிச்சல் அவருடையதுதான், மறுக்கலை. ஆனால் அகதியின் மகள் சட்டமன்றம் போக, அகதி முதலில் வாக்காளர் ஆகணும். அந்த வேலை எந்த மேடையிலும் தெரிவதில்லை.