கும்பினியின் உடைமையும் ஆட்சியும்

புத்தலப்பட்டு முதலிய சித்தூர்ச் சீமை ஊர்களின் நிலவரி ஒரு காலத்தில் வணிகர் கூட்டம் ஒன்றன் கருவூலத்தைச் சென்று சேர்ந்தது. 1801-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் இப்பகுதியின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. நம் முன்னோர் 'கும்பினி' என்று வழங்கிய அந்நிறுவனத்தை உடையவர் யார், ஆண்டவர் யார் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1600-ஆம் ஆண்டின் இறுதி நாளில் எலிஸபெத் அரசியார் அளித்த சாசனத்தால் கம்பெனி தோன்றியது. தொடக்கத்தில் கடற்பயணந்தோறும் தனித்தனியே முதல் திரட்டினர். கப்பல்கள் திரும்பியதும் முதலையும் இலாபத்தையும் பங்கிட்டுக் கணக்கை முடித்தனர். 1657-இல் நிலையான கூட்டுமுதல் ஏற்பட்டது. நாளடைவில் பங்குதாரர் பலராயினர்; நிருவாகமோ அவர்கள் தேர்ந்தெடுத்த 24 இயக்குநர்களிடம் தங்கியது. உடைமை ஓரிடம், அதிகாரம் வேறிடம் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

500 பவுன் பங்குடையவருக்கு ஒரு வாக்கு என்பது பழைய விதி. செல்வர் சிலர் தம் பங்குகளைப் பிறர் பெயரில் பிரித்தெழுதி வாக்குகளைப் பெருக்கினர். இதைத் தடுக்க, 1773-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமைக்கு 1,000 பவுன் பங்கையும் ஓராண்டு உடைமையையும் கட்டாயமாக்கியது. 1784-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்றை நிறுவியது. அதன் ஒப்புதல் பெற்ற முடிவுகளைப் பங்குதாரர் மாற்ற இயலாமற்போயிற்று. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வணிகமும் நின்றது. ஆயினும் பங்குதாரருக்கு நூற்றுக்குப் பத்தரை வீதம் இலாபப்பங்கு உறுதி செய்யப்பட்டது. அத்தொகை வந்தது இந்திய வருவாயிலிருந்து. வாணிகமே செய்யாத கம்பெனிக்கு இலாபம் ஏது? உழவன் கட்டிய கிஸ்தியே இலாபம்! 1858-இல் ஆட்சி அரசியாரிடம் சென்ற பின்னரும், 1874-இல் கம்பெனி கலையும் வரை இது தொடர்ந்தது.

கும்பினி மறைந்தும் அதன் நிழல் மறையவில்லை. கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் நிருவாக ஏஜென்சிகள் தலையெடுத்தன. சிறிதளவே பங்கு வைத்திருந்தும், ஒப்பந்தத்தின் வலிமையால் ஓர் ஏஜென்சி பல கம்பெனிகளை ஆள முடிந்தது. 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் இம்முறைக்குக் கடிவாளமிட்டது. 1970 ஏப்ரல் 3-ஆம் நாள் அது முற்றிலும் ஒழிந்தது.

பங்குதாரர், இயக்குநர், அரசாங்கம் ஆகிய மூவரின் உரிமை பற்றியே அன்றைய சட்டங்கள் பேசின. நான்காமவனாகிய சித்தூர்க் குடியானவனுக்கு அங்கே வாக்கு இல்லை. செலவு மட்டும் அவனுடையதாயிற்று. ஆதலின், எந்த நிறுவனத்தை எடைபோடும்போதும் உடையவர் யார், ஆள்பவர் யார் என்பதோடு, சுமப்பவர் யார் என்பதையும் நாம் கேட்டறிதல் வேண்டும்.