வட்டியில்லாக் கடன்

"வட்டியே கிடையாது சார், ஆனாலும் அப்பா கடன் அடையமாட்டேங்குது" என்றான் பழவேற்காட்டுக் கல்லூரி மாணவன் ஒருவன். வலைக்கு முன்பணம் தந்த வியாபாரிக்கே இறாலைப் போடவேண்டும். விலை அவர் வைத்ததுதான். வட்டி அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இவ்வூருக்கு இது புதிதல்ல. 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக் கம்பெனியும் வணிகர் மூலம் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத்தான் துணி வாங்கியது. கைநீட்டியவன் தறியை வேறு யாருக்கு ஓட்டுவான்?

உழவர் கடனைப் பற்றி நிக்கல்சன் துரை 1895-ல் எழுதிய அறிக்கைக்குப் பின், 1904-ல் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் பிறந்தது. பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையும் அதே துரையிடம் வந்தது. வியாபாரியின் முன்பணமோ ஏரிக்கரையை விட்டுப் போகவில்லை.

"வியாபாரி தரும் விலை, ஏலத்து விலை, இரண்டையும் தினம் எழுது" என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்தான்.