சப்-ஸ்டேஷன் வேலியில் கரண்ட் ஓடாது... அப்புறம் எதுக்கு அதுக்கு எர்த்?

துணை மின் நிலையத்தைச் சுற்றியிருக்கும் கம்பி வேலியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். வேலித் தூணில் போல்ட் போட்டு ஒரு இரும்புப் பட்டை கட்டியிருப்பார்கள். அது நேராக மண்ணுக்குள் போகும். அதுதான் வேலிக்கான எர்த். காட்டுப்பன்றிக்காக வயலில் திருட்டுத்தனமாகப் போடும் மின்வேலி மாதிரி இந்த வேலியில் யாரும் கரண்ட் கொடுப்பதில்லை. வெறும் இரும்பு வேலிதான். பிறகு ஏன் எர்த்?

சப்-ஸ்டேஷனுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையோ பிரேக்கரையோ பொதுமக்கள் யாரும் தொடப்போவதில்லை. வெளியில் நடந்து போகிறவர், ஆடு மேய்ப்பவர், பந்து எடுக்க ஓடிவரும் பையன் என யாருடைய கைக்கும் எட்டுவது வேலி மட்டும்தான். வேலியின் உயரம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது மின்சாரப் பாதுகாப்பு விதி. அந்த உயரம் ஆள் உள்ளே வராமல் தடுக்கும். வெளியில் நிற்பவரைக் காப்பாற்றுவது எர்த்.

எர்த் என்றால் ஜீரோ வோல்ட் இல்லையா?

எர்த் பண்ணிவிட்டால் வோல்டேஜே இருக்காது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சாதாரண நேரத்தில் அது சரி. உயர் அழுத்தக் கம்பி அறுந்து விழும்போதோ, இன்சுலேட்டர் உடையும்போதோ கதை மாறிவிடும். அப்போது ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் மண்ணுக்குள் பாயும்.

ஒரு சின்ன கணக்கு. சப்-ஸ்டேஷனுக்கு அடியில் வலைபோலப் புதைத்திருக்கும் எர்த் கம்பிகளின் மின்தடை 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியாக 4,000 ஆம்பியர் மண்ணில் இறங்கினால், அந்த வலையின் வோல்டேஜ் 2,000 வோல்ட்டுக்கு ஏறும். வலையோடு இணைந்திருக்கும் எல்லா இரும்பும் கூடவே ஏறும். ரிலே வேலை செய்து பிரேக்கர் டிரிப் ஆகும்வரை, அதாவது ஒரு நொடிக்கும் குறைவான நேரம், இந்த நிலை நீடிக்கும்.

கம்பியில் உட்காரும் காக்காவுக்கு ஷாக் அடிப்பதில்லை, காரணம் அதன் இரண்டு காலும் ஒரே வோல்டேஜில் இருக்கின்றன. மனிதருக்கும் அதேதான். கையும் காலும் ஒரே வோல்டேஜில் இருந்தால் ஆபத்து இல்லை. வேலியைப் பிடித்திருக்கும் கைக்கும் மண்ணில் ஊன்றியிருக்கும் காலுக்கும் இடையே வித்தியாசம் வந்தால்தான் உடம்பு வழியாகக் கரண்ட் பாயும். இதைத் 'தொடு மின்னழுத்தம்' என்கிறார்கள். எதையும் தொடாமலேயே, அகட்டி வைத்த இரண்டு கால்களுக்கு இடையில் வரும் வித்தியாசம் 'அடி மின்னழுத்தம்'. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தூரம் அதிகம் என்பதால் மாடுகள் இதில் சீக்கிரம் பலியாகின்றன.

ஜல்லி உள்ளே, வெறும் மண் வெளியே

சப்-ஸ்டேஷனுக்குள் தரை முழுக்க ஜல்லி கொட்டியிருப்பது அழகுக்காக இல்லை. காலுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜல்லி ஒரு தடுப்பு மாதிரி. உலகம் முழுக்கப் பயன்படும் ஐ.இ.இ.இ. 80 வழிகாட்டியின் சூத்திரப்படி, 50 கிலோ எடையுள்ள ஒருவர் சாதாரண ஈர மண்ணில் நின்றால் அரை நொடிக்குச் சுமார் 190 வோல்ட் வரைதான் தாங்க முடியும். 10 செ.மீ. கனத்துக்கு நல்ல ஜல்லி இருந்தால் அதே ஆள் 680 வோல்ட் அளவுக்குத் தாங்குவார். இந்தக் கணக்கில் செருப்பைச் சேர்ப்பதில்லை.

வேலிக்கு வெளியே பெரும்பாலும் ஜல்லி இருக்காது. உள்ளே இருக்கும் ஊழியருக்கு பூட்ஸும் உண்டு, ஜல்லியும் உண்டு. வெளியில் வெறுங்காலோடு நிற்பவருக்கு இரண்டுமே இல்லை. அதனால்தான் பொறியாளர்கள் வேலியில் இவ்வளவு கவனம் வைக்கிறார்கள்.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வேலியை உள்ளே இருக்கும் எர்த் வலையோடு இணைத்துவிட்டு, வேலிக்கு வெளியே சுமார் 1 மீட்டர் தள்ளி மண்ணுக்குள் இன்னொரு கம்பியைச் சுற்றிலும் புதைப்பது. வேலியின் வோல்டேஜ் ஏறினால் காலுக்கு அடியில் இருக்கும் மண்ணும் சேர்ந்து ஏறும், வித்தியாசம் குறையும். இன்னொரு வழி, வேலியை உள் வலையோடு சேர்க்காமல், அதற்கென்று தனி எர்த் ராடுகள் அடிப்பது. இதில் உள்ளே எர்த் செய்த எந்த இரும்பும் வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் வரக்கூடாது, ஒருவர் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடக் கூடாது. சிக்கல் வருவது பெரும்பாலும் பல வருஷம் கழித்துத்தான். விரிவாக்கம் என்று புதுக் கருவியை வேலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள், 2 மீட்டர் இடைவெளி காணாமல் போயிருக்கும்.

எர்த்தே இல்லாமல் விட்டால் இன்னும் மோசம். மேலே போகும் லைன் அறுந்து வேலியில் விழுந்தால், மண்ணுக்குள் போதுமான கரண்ட் பாயாமல் ரிலே கண்டுகொள்ளாமலே இருக்கலாம். வேலி முழுக்க உயிர்ப்போடு நிற்கும்.

கேட் தனிக்கதை. கீல் துருப்பிடித்தால் தொடர்பு போய்விடும் என்பதால், கேட்டையும் தூணையும் பின்னல் செம்புக் கம்பியால் இணைப்பார்கள். திருடர்கள் முதலில் கை வைப்பதும் அந்தச் செம்பில்தான்.

துணி காயப்போடும் கம்பி

அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் செய்யும் ஆபத்தான காரியம், வேலித் தூணில் ஒரு முனையையும் வீட்டு ஜன்னலில் இன்னொரு முனையையும் கட்டி துணி காயப்போடுவது. பழுது ஏற்படும் அந்த அரை நொடியில் வேலியின் வோல்டேஜ் அந்தக் கம்பி வழியாக வீட்டுக்கே வந்துவிடும். வீட்டு வாசல் மண்ணோ ஜீரோவில் இருக்கும், வித்தியாசம் முழுசாகக் கிடைக்கும். தோட்டத்து முள்கம்பி வேலியை சப்-ஸ்டேஷன் வேலியோடு சேர்த்துக் கட்டுவதும், மாட்டை அதில் கட்டுவதும் இதே ரகம்தான்.

வேலியின் எர்த் பட்டை அறுந்து தொங்கினாலோ, கேட்டின் செம்புக் கம்பி காணாமல் போயிருந்தாலோ நீங்களே சரிசெய்யப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987, 24 மணி நேரமும் புகார் சொல்லலாம்.